எட்டுக்கு இடப்பக்கம்

திருமங்கலம் தாண்டிய பிறகுதான் அமுதராணிக்கு அந்த ஈ எச்சம் ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். மாட்டுத்தாவணியில் விருதுநகர் பேருந்து காலியாக நின்றது, வெயில் படாத பக்கமாகப் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள், மடியில் கைப்பை, கைப்பைக்குள் மடங்காமல் இருக்க அட்டை கொடுத்து வைத்த அழைப்பிதழ், அழைப்பிதழின் நாலாம் பக்கத்தில் கடைசி வரிக்கு முந்தின வரியில் அவள் பெயர். படிக்கட்டு வரைபடம் உதவி: பல்கலைக்கழகக் கட்டட ஆவணக் காப்பகம், திருமதி சு. அமுதராணி. காலையிலிருந்து அதை ஆறு தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். நாற்பத்தாறு வயதில் அச்சில் அவள் பெயர் வருவது இது மூன்றாம் தடவை. முதல் தடவை பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இரண்டாம் தடவை கல்யாணப் பத்திரிகை, இரண்டிலும் அவளை அமுதாராணி ஆக்கியிருந்தார்கள், இதில்தான் சரியாக வந்திருக்கிறது, படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினால் அக்கா 'எந்த வரி, கண்ணாடி இல்லை' என்று பதில் போடுகிறாள், போகட்டும், சாயங்காலம் நேரிலேயே காட்டலாம். பதினொன்றரைக்குத் திறப்பு விழா. விருதுநகரில் பழைய தொலைபேசி இணைப்பகத்தை ஊர்க்காரர்கள் கூடிப் புதுப்பித்து மகளிர் படிப்பகம் ஆக்கியிருக்கிறார்கள். எப்போதோ அறுத்துப் பழைய இரும்பாகப் போய்விட்ட அதன் சுழல் படிக்கட்டை, காப்பகத்தின் இணையதளத்தில் கிடந்த வரைபடத்தை வைத்துத் திரும்பச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வரைபடத்தை ஸ்கேன் செய்து ஏற்றியது அவள். தாளில் கிடந்த கோடு இரும்பாகி நிற்கப்போகிறது, அதன் மேல் மனிதர்கள் ஏறப்போகிறார்கள், இதைவிட ஒரு ஸ்கேன் செய்கிறவளுக்கு என்ன வேண்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது, சாலையோரக் காட்டில் ஒரு பெரிய மஞ்சள் பலகை வந்தது. வீட்டு மனைகள் விற்பனைக்கு, 30' × 40'. பலகை பின்னால் போய்விட்டது. முப்பதுக்கு வலப்பக்கம் தலைக்கு மேல் ஒரு சின்னக் கோடு, நாற்பதுக்கு வலப்பக்கம் ஒரு சின்னக் கோடு, அடி என்பதற்குப் போடுகிற கோடு, எல்லோரும் போடுகிற கோடு. எங்கேயோ ஒரு எட்டுக்கு இடப்பக்கம் இப்படி ஒன்று பார்த்தோமே. எங்கே பார்த்தோம். பார்த்து, அதை ஈ எச்சம் என்று எழுதியும் வைத்தோமே.

முந்நூற்று நாற்பது தாள்கள், மூன்று சாக்கு. ஒரு காண்டிராக்டர் வீட்டார் மிளகாய் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் போட்டு வைத்திருந்து, இடத்தைக் காலி செய்யும்போது காப்பகத்துக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். சாக்கைப் பிரித்த அன்று உதவியாளர் சங்கிலி அண்ணன் நாற்பத்திரண்டு தும்மல் போட்டார், அவள் எண்ணினாள், நாற்பத்திரண்டாவது தும்மலில் சன்னல் திரை ஆடியது என்று இன்றைக்கும் சொல்லுவாள். கரையான் தின்றது போக மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகத் தூரிகையால் தட்டி, பலகையில் வைத்து நிமிர்த்தி, ஸ்கேன் செய்து, எங்கே கிழிசல், எங்கே கறை, எங்கே பூச்சி அரிப்பு என்று நிலைக்குறிப்பு எழுதி ஏற்ற ஒரு வருடம் ஆனது. நிலைக்குறிப்பு எழுதுவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மற்றவர்கள் 'லேசான கறை' என்பார்கள். அவள் காபிக் கறை, துருக் கறை, வெற்றிலைக் கறை என்று பிரித்து எழுதுவாள். இருநூற்றுப் பதினேழாவது தாள் அந்தப் படிக்கட்டு. தாள் இல்லை, ட்ரேசிங் துணி, எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி வெளிச்சம் ஊடுருவுகிற துணி, அதன் மேல் மையால் வரைந்தது. நடுவில் தூண், அதைச் சுற்றி விசிறி விசிறியாகப் பதினெட்டுப் படி, குறுக்கே வெட்டிய எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வட்டம், ஏறுகிற திசைக்கு ஒரு அம்பு. பார்த்த உடனே அவளுக்குப் பிடித்துப்போனது. அதில் எழுத்து என்று எதுவும் இல்லை, பெயரும் தேதியும் எழுதுகிற மூலையைக் கரையான் தின்றிருந்தது, விருதுநகர் இணைப்பகம் என்பதே அந்தக் கட்டைச் சுற்றியிருந்த உறையைப் பார்த்துத்தான் தெரிந்தது. எழுத்து என்று மிஞ்சியது வட்டத்தின் குறுக்களவு, ஒரே ஒரு 8. அந்த எட்டுக்கு இடப்பக்கம், தலைக்கு மேல், எள்ளை விடச் சின்னதாக ஒரு கறுப்பு. அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பார்த்து, யோசித்து, எழுதினாள்: எண்ணுக்கு இடப்பக்கம் ஈ எச்சம், ஒன்று.

ஒன்று. அதையும் எண்ணி எழுதியிருக்கிறாள். எட்டு அடி, எட்டுக்குப் பிறகு அடிக்கான கோடு, கோடு வலப்பக்கம்தான் வர வேண்டும், இடப்பக்கம் வந்திருக்கிறது என்றால், என்றால் என்ன, எட்டைத் திருப்பிப் போட்டாலும் எட்டுதான், பாழாய்ப்போன எட்டு, ஏழாக இருந்திருக்கக் கூடாதா, மூன்றாக இருந்திருக்கக் கூடாதா, திரும்பியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்குமே. பழைய ஸ்கேன் மெஷினில் வரைந்த பக்கத்தைக் கீழே பார்த்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஏழு வருடம் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்த கை. பிறகு புது மெஷின் வந்தது, அதில் வரைந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும். சாதாரணத் தாளைத் தவறிக் கவிழ்த்தால் வெள்ளையாக வரும், உடனே தெரிந்துவிடும். ட்ரேசிங் துணியைக் கவிழ்த்தால் கோடு ஊடுருவித் தெரியும், அழகாக, தெளிவாக, கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக. புது மெஷின் வந்த வாரம் அப்படிப் பதினொரு தாளைக் கவிழ்த்து விட்டாள். எழுத்தெல்லாம் திரும்பியிருந்ததைப் பார்த்து அவளும் சங்கிலி அண்ணனும் வயிறு வலிக்கச் சிரித்து, பதினொன்றையும் மறுபடி எடுத்தார்கள். பதினொன்று என்று முடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவதில் திரும்புவதற்கு எழுத்து இல்லை. ஒரு எட்டும் ஒரு ஈயும்தான். அவள் வலது கையை மடியிலிருந்து தூக்கி, விரலைக் கீழிருந்து மேலாகச் சுற்றினாள். இணையதளத்தில் இருக்கிற படத்தின்படி ஏறினால் உடம்பு இடப்பக்கமாகத் திரும்புகிறது. அப்படியானால் நிஜத்தில் வலப்பக்கமாகத் திரும்ப வேண்டும். மறுபடி சுற்றினாள். இடது. வலது. மறுபடி. பக்கத்தில் கறிவேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன தாயி, மாவாட்டுறியா?" என்றாள். "இல்லம்மா, மாடிப்படி ஏறுறேன்" என்றாள் அமுதராணி. அந்த அம்மாள் கட்டைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அவள் மூன்றாவது தடவை அழைத்தபோதுதான் சங்கிலி அண்ணன் எடுத்தார். "சொல்லுங்கம்மா, விழா ஆரம்பிச்சாச்சா, மாலை போட்டாங்களா?" "அண்ணே, பதினாலாவது இழுப்பறையைத் திறங்க. இருநூத்திப் பதினேழு. படிக்கட்டு." "அது எதுக்கும்மா இப்ப?" "திறங்கண்ணே." இழுப்பறை உருளும் சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் அவளுக்கு மிகவும் பிடித்த சத்தம், இன்றைக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. "இருக்கு. எடுத்துட்டேன்." "ரெண்டு பக்கமும் விரல வச்சுத் தடவிப் பாருங்க." "இருங்க, கையுறைய மாட்டிக்கிறேன்." "கையுறை வேணாம்." "கையுறை வேணாமா? அம்மா, நீங்கதானா பேசுறது? போன மாசம் சுண்டு விரல் பட்டதுக்கு என்னைய என்ன பேச்சுப் பேசுனீங்க!" "அண்ணே, கையத் தொடச்சிட்டுத் தடவுங்க. எந்தப் பக்கம் கோடு விரல்ல தட்டுதோ அதுதான் வரைஞ்ச பக்கம்." தடவினார். ஒரு பக்கம் வழுவழு என்றார், மறுபக்கம் தட்டுது என்றார், நம்ம வீட்டுக் கோலம் காஞ்ச மாதிரி தட்டுது என்றார். "தட்டுற பக்கத்த மேல வைங்க. கரையான் தின்ன மூலை எந்தப் பக்கம் இருக்கு?" "சோத்தாங்கைப் பக்கம். கீழ." அமுதராணி செல்பேசியைக் காதிலிருந்து எடுத்து, இணையதளத்தைத் திறந்து, படம் மெல்ல மெல்ல விரிவதைப் பார்த்தாள். கரையான் தின்ற மூலை இடப்பக்கம் இருந்தது. உலகத்தில் எந்த வரைபடத்திலும் பெயர் எழுதுகிற மூலை வலது கைப் பக்கம் கீழேதான் இருக்கும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் ஒரு வருடமாக இந்தப் படத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா? லைன்ல இருக்கீங்களா? திருப்பி வச்சிரவா?" "வச்சிருங்கண்ணே." "ஏதும் தப்பாம்மா?" "கவுத்திட்டேன் அண்ணே." அவருக்கும் புரிந்துவிட்டது. வழக்கமாகச் சிரிக்கிறவர் சிரிக்கவில்லை. "சாமி," என்றார், "அதைப் பாத்துத்தான படியே செஞ்சிருக்காக."

பேராசிரியர் திருவடிநாதன் காரில் முன்னாலேயே போயிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. துறைத் தலைவராக வந்த நாளிலிருந்து ஒரு தாள் தொலைந்ததில்லை. ஆனால் இணையதளம் என்றால் அவருக்கு ஆகாது. பூட்டி வைத்தால்தான் ஆவணம், தெருவில் போட்டால் துண்டுச் சீட்டு என்பார். முன்பெல்லாம் ஒரு வரைபடம் பார்க்க வேண்டுமானால் விண்ணப்பம் எழுதி, அடையாள அட்டை நகல் வைத்து, இருபத்தொரு நாள் காத்திருந்து, வந்து, மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் குறிப்பெடுத்துப் போக வேண்டும். வருடத்துக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். தளம் திறந்த பிறகு முதல் மாதமே நாலாயிரம் பேர். குவைத்திலிருந்து ஒருவர் தன் அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் முகப்பைப் பார்த்துவிட்டு எழுதினார். சாத்தூரில் ஒரு தேநீர்க்கடைக்காரர் தன் கடைக் கட்டடத்தின் பழைய முகப்பை அச்செடுத்துச் சட்டம் போட்டு பாய்லருக்கு மேல் மாட்டியிருக்கிறார். அவள்தான் சண்டை போட்டுத் திறக்க வைத்தாள், சண்டை என்றால், ஒவ்வொரு திங்கட்கிழமையும் போய் நின்று 'சார், அந்த விஷயம்' என்பது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டார். படத்துக்குக் கீழே பொதுமக்கள் கருத்து எழுதலாம், ஆனால் ஒவ்வொரு கருத்தும் அவர் படித்து அனுமதித்த பிறகுதான் வெளியே தெரியும். அப்படியும் மனசு ஆறவில்லை. "ஒரு தப்பு, அமுதா. ஒரே ஒரு தப்பு ஊருக்குத் தெரியட்டும், நம்ம பேர் போச்சு. அன்னைக்கே பூட்டிடுவேன்." வருகிற திங்கட்கிழமை கூட்டம். தளம் இப்படியே திறந்திருப்பதா, பழையபடி விண்ணப்பம் போட்டவருக்கு மட்டுமா என்று முடிவு செய்கிறார்கள். இந்தப் படிக்கட்டைக் காட்டித்தான் அவள் பேசுவதாக இருந்தாள். பாருங்கள் சார், திறந்து வைத்ததால்தானே ஒரு ஊருக்குப் படிக்கட்டு கிடைத்தது. திருப்பிப் போட்ட படிக்கட்டு.

யாருக்குத் தெரியும். இந்த நினைப்பு கள்ளிக்குடி வரும்போது வந்தது, மெல்ல, பின்சீட்டிலிருந்து தோளைத் தொடுவது மாதிரி வந்தது. படி பதினெட்டு, சரியாக ஒரு முழுச் சுற்று. கீழே எந்தத் திசையைப் பார்த்துக் கால் வைக்கிறோமோ மேலே அதே திசையில் கதவுக்கு முன்னால் போய் நிற்போம், வலப்பக்கம் சுற்றினாலும் அதே கதவு, இடப்பக்கம் சுற்றினாலும் அதே கதவு. இடிக்காது, முட்டாது, பொறியாளரே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மூலப்படிக்கட்டு பழைய இரும்பாகப் போய் முப்பது வருடம். பெயர் மூலையைக் கரையான் தின்றாகிவிட்டது. மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி எட்டுக்கு இடப்பக்கம் ஒரு புள்ளி, அதையும் ஈ எச்சம் என்று அவளே எழுதிச் சாட்சியைக் கலைத்தாகிவிட்டது. சங்கிலி அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். சாயங்காலம் போய்த் திரும்ப ஸ்கேன் செய்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு, சத்தமில்லாமல், யாருக்குத் தெரியும், படி படிதானே, ஏறுகிறவர்கள் ஏறட்டும், யாரும் விழப்போவதில்லை, மனசாட்சிப்படி பார்த்தால்கூட விழப்போவதில்லை. கண்டக்டர் வந்து, "கள்ளிக்குடி யாரும் இருக்கா, கள்ளிக்குடி," என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார், அவள் ஏதோ கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல "இல்லைங்க, நான் இல்லை," என்றாள். கறிவேப்பிலை அம்மாள் இறங்கவில்லை, வாசனையும் இறங்கவில்லை. ஜன்னலில் வேலிக்கருவை ஓடியது, பருத்திக் காடு ஓடியது. திரும்பவும் அந்தப் புள்ளி. அவள் செல்பேசியில் படத்தை விரல்களால் விரித்து விரித்துப் பெரிதாக்கினாள், எட்டு திரையை நிறைத்தது, அதன் பக்கத்தில் புள்ளி கோடானது. மேலே தடித்து, கீழே மெலிந்து, கடைசியில் ஊசிமுனையாக முடிகிற கோடு. ஈ இப்படிப் போடாது. ஒரு மனிதர் பேனாவை மையில் தொட்டு, அதிக மையை உதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்து, மேலிருந்து கீழாக இழுத்து, தூக்கிய கோடு. எட்டு அடி. எட்டு என்று மட்டும் விட்டால் யாராவது எட்டு அங்குலம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து போட்ட கோடு. அந்த மனிதருக்குப் பெயர் இல்லை, பெயர் கரையான் வயிற்றில். அவர் கடைசியாக விட்டுப்போன சொல் அந்த ஒரு கோடு, அதை அமுதராணி என்பவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எச்சம் என்று எழுதி, எண்ணிக்கையும் போட்டாள்.

திருப்பிப் போட்டதை விட இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஏன் என்று யோசிக்க நேரமில்லை, யோசித்தால் கை நின்றுவிடும். அவள் தன் கணக்கில் நுழைந்து அந்தப் பக்கத்தைத் திருத்தத் திறந்தாள். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு, கருத்துகளைத் திறக்கத்தான் இல்லை. பேருந்து குதிக்கக் குதிக்க ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ஈ எச்சம் என்ற வரியை அழித்தாள். எழுதினாள்: 'எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது அடி அளவைக் குறிக்கும் கோடு. இந்தப் படம் இடம் வலமாகத் திரும்பியுள்ளது, இதை வைத்து எதையும் கட்ட வேண்டாம். சரியான படம் இன்று மாலை ஏற்றப்படும். தவறு என்னுடையது. சு. அமுதராணி.' படித்தாள். எதையும் கட்ட வேண்டாமாம், கட்டி முடித்து ரிப்பனும் கட்டியாகிவிட்டது. வெளியிடு என்ற பச்சைப் பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நின்றது. இதை அமுக்கினால் திங்கட்கிழமை முடிந்தது. நாலாயிரம் பேருக்கும் கதவு சாத்தியாகிவிடும், குவைத்துக்காரருக்கும் பாய்லருக்கும் சேர்த்து, அவர்கள் யாரும் அவளிடம் உண்மை பேசு என்று கேட்கவில்லை. அமுக்காமல் விட்டால் கதவு திறந்திருக்கும், உள்ளே ஒரு பொய் உட்கார்ந்திருக்கும். அமுக்க வேண்டுமென்று அமுக்கினாளா, விருதுநகர் மேம்பாலம் ஏறும்போது பேருந்து தூக்கிப் போட்டதில் அமுங்கியதா என்று பிற்பாடு அவளே பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறாள். 'வெளியிடப்பட்டது' என்று வந்தது. மணி பத்து ஐம்பத்திரண்டு. ஆச்சரியமாக, நெஞ்சு லேசாக இருந்தது. கறிவேப்பிலை அம்மாள், "ஏறி முடிச்சிட்டியா தாயி?" என்றாள். "இறங்கிட்டேன்மா," என்றாள் அமுதராணி.

இணைப்பகக் கட்டடத்தைப் படத்திலேயே பார்த்திருந்தவளுக்கு நிஜத்தில் அது சின்னதாகவும் சிவப்பாகவும் இருந்தது, வாசலில் வாழைமரம், உள்ளே நாற்காலிகள், கூடத்தின் கடைசியில் படிக்கட்டை மறைத்து மேலிருந்து கீழ்வரை நீலப் படுதா. படுதாவுக்கு முன்னால் பேராசிரியர் தன் செல்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார், அவள் வந்ததைப் பார்க்கவில்லை. படித்துவிட்டார், படிக்கிறார், இப்போதுதான் படிக்கிறார். அவரிடம் போகலாமா, படுதாவைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கால் தட்டுத்தடுமாறும்போது ஒரு கனத்த குரல், மைக் இல்லாமலே மூலை வரைக்கும் எட்டுகிற குரல், "நீதானா அமுதராணி?" என்றது. எழுபது தாண்டிய ஒரு பெண்மணி, வெள்ளைச் சேலை, நீலக் கரை, கையில் நாலடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். அதன் ஒரு பக்கம் முழுக்க நசுங்கி நசுங்கி அம்மி கொத்தினது மாதிரி இருந்தது. "நான் மேபல் ஞானதீபம். இங்க இருபத்தேழு வருஷம் டிரங்க் ஆப்பரேட்டர். பம்பாய்க்கு மிளகா வெல கேக்கணும்னா இந்த ஊர்ல என் தொண்டையத் தாண்டித்தான் போகணும். ஈ எச்சம்னு எழுதுனது நீதான?" அமுதராணி தலையை ஆட்டினாள். "ஏ பிள்ள, இந்த ஊர் மிளகா நெடிக்கு இந்தக் கட்டடத்துல ஈ வந்து நான் பாத்ததே இல்ல. ஈ வந்தா தும்மிச் செத்துரும்." சுற்றி நின்ற பெண்கள், அவர்களும் பழைய ஆப்பரேட்டர்கள்தான் போலிருந்தது, கொல்லென்று சிரித்தார்கள். "அம்மா, அது தப்பும்மா," என்றாள் அமுதராணி, "அது மட்டும் இல்லம்மா, படமே..." "படமே திரும்பிக் கெடக்கு. தெரியும். எங்க குரூப்ல ஒருத்தி லிங்க் அனுப்புனா, பாத்தேன், பாத்த ஒடனே தலைய சுத்திருச்சு. எந்தப் பக்கம் சுத்துனா என் தலை சுத்தாதுன்னு எனக்குத் தெரியாதா? வலது கையில கேரியர், இடது கையில கம்பி, வலப்பக்கமா ஏறுவோம், தூண்ல இடிச்சு இடிச்சுத்தான் இது இந்தக் கதியில இருக்கு. உங்க வெப்சைட்டுலயே கீழ எழுதுனேன். 'உங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது'ன்னு வந்துச்சு. மூணு மாசமாப் பரிசீலிக்காங்க. லைட்னிங் கால்னு அவசரக் கால் போட்டா மூணு நிமிஷத்துல டெல்லி பேசிருவேன் நான், இவங்களுக்கு மூணு மாசம். சரி போங்கடான்னு அப்பவே கேரியரத் தூக்கிட்டு நேரா இங்க வந்துட்டேன்."

நேராக வந்து, இரும்பு வேலை செய்கிற பிச்சைக்கனியிடம் போய் நின்றிருக்கிறார். பிச்சைக்கனி பக்கத்திலேயே இருந்தார், புதுச் சட்டை, நகக்கண்ணில் மட்டும் பழைய துரு. "அம்மா வந்து கேரியரக் காட்டுறாங்க, எனக்கு ஒண்ணும் வெளங்கல மேடம். பெறகு, நீங்க போட்டிருந்த படத்த பிரிண்ட் எடுத்து வச்சிருந்தோம்ல, அத ஜன்னல்ல ஒட்டி வெளிய போயிப் பின்பக்கமிருந்து பாத்தேன். அம்மா சொல்றதுதான் சரி. இரும்பு வெட்டல அப்ப. ரெண்டு நாள் தள்ளிப் போயிருந்தா வெட்டியிருப்பேன்." ஜன்னலில் ஒட்டிப் பின்பக்கமிருந்து. அவள் கவிழ்த்ததை அவர் நிமிர்த்தியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம், அவ்வளவு சின்ன விஷயம். அமுதராணி சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை, சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது, அழைப்பிதழை எடுத்து முகத்தை விசிறிக்கொண்டாள். யாரோ படுதாவின் கயிற்றை இழுத்தார்கள். படிக்கட்டு கறுப்பாக, பளபளவென்று, வலப்பக்கமாகத் திரும்பித் திரும்பி மேலே போய்க்கொண்டிருந்தது, பார்க்கிற கண்ணும் கூடவே ஏறியது, எலுமிச்சம்பழத்தை இழுத்து நீட்டினது மாதிரி, அவள் படத்தில் பார்த்ததை விட அழகாக இருந்தது, அவள் படத்தில் பார்த்ததற்கு நேர் எதிராக இருந்தது.

பேராசிரியர் வந்தார். செல்பேசியை அவள் பக்கம் திருப்பினார். "தவறு என்னுடையது. பத்து ஐம்பத்திரண்டு." "ஆமா சார்." "இந்தப் படி எப்படி நிக்குதுன்னு தெரியுறதுக்கு முன்னாடி போட்டிருக்கீங்க." "ஆமா சார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். மேபல் ஞானதீபம் நடுவில் வந்து நின்றார். "பரிசீலிக்கிற சார் நீங்கதானா? என் கருத்து எங்க சார் இருக்கு?" "என்கிட்டதாம்மா இருக்கு," என்றார் அவர், "இப்பத்தான் திறந்தேன். அறுபத்தொண்ணு இருக்கு. உங்களோடது நாப்பத்திமூணாவது." "க்யூவுல நிக்கிறதெல்லாம் எங்களுக்குப் பழக்கந்தான் சார். ஆனா லைனக் குடுக்கணும்ல." அவர் முதல் தடவையாகச் சிரித்தார், அந்த முகத்தில் சிரிப்பு எங்கே இருக்கும் என்று ஒன்பது வருடத்தில் அமுதராணிக்குத் தெரிந்திருக்கவில்லை. "அமுதா, உங்க குறிப்புக்குக் கீழ ஒரு வரி சேத்துக்குங்க. தவறு அமுதராணி, தாமதம் திருவடிநாதன்னு." பிறகு, கொஞ்சம் நகர்ந்து போனவர் திரும்பி, "திங்கட்கிழமை நானே பேசிக்கிறேன். பூட்டச் சொல்லி இல்லை," என்றார். அறுபத்தொன்றையும் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அனுமதிக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு தடவையும் அவர் செல்பேசி டிங் என்றது, டிங், டிங் என்று, பழைய இணைப்பகத்தில் மறுபடி அழைப்புகள் வர ஆரம்பித்தது மாதிரி. மேபல் கேரியரை அமுதராணியின் வலது கையில் திணித்தார். "அதிரசம் இருக்கு, கனக்கும். ஏறு. நீதான் முதல்ல." கனத்தது. இடது கையைக் கம்பியில் வைத்தாள், இரும்பு சில்லென்றிருந்தது. முதல் படி, இரண்டாவது, உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பியது, மூன்று, நாலு, ஐந்து, கீழே பெண்கள் கைதட்டிக்கொண்டு எண்ணினார்கள், ஆறு, ஏழு, எட்டு என்று அவர்கள் கத்தும்போது கேரியர் தூணில் இடித்தது. டங்.